பழைய ஜீப்புக்குப் புதிய எண்ணெய்

இரண்டாம் உலகப் போர்த் திரைப்படங்களில், கூரையற்ற ஒரு சிறு வண்டி சேற்றிலும் மணலிலும் துள்ளி ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவின் வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்கள் 1941 முதல் 1945 வரை ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. அவற்றுள் சில, ஆர்வலர்களின் கையில் இன்றும் ஓடுகின்றன. அத்தகைய வண்டிக்கு இன்று கடையில் கிடைக்கும் உயர்ந்த எண்ணெயை ஊற்றினால் நல்லதுதானே என்று கேட்பீர்கள். எப்போதும் அல்ல.

ஜீப்பின் அச்சுகளில் 'ஹைப்பாய்டு' என்னும் வகைப் பற்சக்கரங்கள் உள்ளன. பாக்கார்டு நிறுவனம் 1926-இல் கார்களில் புகுத்திய வகை இது. இதன் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருள்வதோடு வழுக்கியும் செல்கின்றன. அழுத்தம் மிகும்போது எண்ணெய்ப் படலம் கிழிந்து, இரும்பும் இரும்பும் உரசிப் பற்றிக்கொள்ளும். இதைத் தடுக்கவே எண்ணெயில் கந்தகச் சேர்மங்களையும் பாஸ்பரஸ் சேர்மங்களையும் கலக்கிறார்கள். உரசும் இடத்தின் சூட்டில் கந்தகம் இரும்போடு வினைபுரிந்து மெல்லிய படலமாகிறது. படலம் தேயும், பல் பிழைக்கும்.

அதே வண்டியின் கியர் பெட்டியைத் திறந்து பாருங்கள். இரண்டாம், மூன்றாம் கியர்கள் ஓசையின்றி விழ உதவும் வளையங்கள் செம்பு கலந்த உலோகத்தால் ஆனவை. வெள்ளிக் கொலுசு நாளடைவில் கறுக்கிறதல்லவா? அது கந்தகத்தின் வேலை. செம்பையும் கந்தகம் விடுவதில்லை. 1960-களில் வந்த ஜி.எல்.-5 தர எண்ணெயில், ஜி.எல்.-4 தரத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்கு சேர்பொருள் உண்டு. அச்சுக்கு அது காவல், வளையத்துக்கோ அரிப்பு. பெட்டியைக் கழற்றும் வரை சேதம் கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் தொல்லை. ஆகவே கியர் பெட்டிக்கு ஜி.எல்.-4 போதும்.

எல்லா ஜி.எல்.-5 எண்ணெயும் ஒரே அளவில் அரிப்பதில்லை. மெருகேற்றிய செம்புத் தகட்டைச் சூடான எண்ணெயில் 3 மணி நேரம் அமிழ்த்தி, அது எவ்வளவு கறுக்கிறது என்று பார்ப்பார்கள். இந்தச் சோதனையின் முடிவைத் தயாரிப்பாளரிடம் கேட்டு வாங்கலாம்.

டப்பாவில் 90 என்ற எண்ணைக் கண்டு மிரள வேண்டாம். பற்சக்கர எண்ணெயின் எண்வரிசையே வேறு. அந்த 90, எஞ்சின் எண்ணெயின் 40 அல்லது 50 அளவுக்கே கெட்டியானது.

எஞ்சினில் சிக்கல் வேறு விதம். 1930-களில் டீசல் எஞ்சின்களுக்காக, அழுக்கைக் கரைத்துச் சுமக்கும் எண்ணெய்கள் தோன்றின. இன்றைய எஞ்சின் எண்ணெய்களில் பெரும்பாலானவை அந்த வழியில் வந்தவையே. நெடுங்காலம் சாதாரண எண்ணெயில் ஓடிய எஞ்சினில் இதை ஊற்றினால், அடியில் படிந்த கசடு பெயர்ந்து நுண்ணிய வழிகளை அடைக்கக்கூடும். ஜீப்பின் வடிகட்டி வழியே எண்ணெயின் ஒரு பகுதிதான் செல்கிறது; அதை நம்பிப் பயனில்லை. முதலில் எண்ணெய்த் தொட்டியைக் கழற்றிக் கசடைச் சுரண்டிக் கழுவுங்கள். புதிய எண்ணெயை அதன்பின் ஊற்றலாம்.