பகடையும் வெள்ளமும்: உத்தி விளையாட்டுகளில் பேரிடரின் வரலாறு

நியூயார்க் மாநிலத்தின் வெஸ்ட்செஸ்டர் பகுதிப் பள்ளி மாணவர்களுக்காக 1964-இல் ஒரு கணினி விளையாட்டு உருவானது. கட்டோனா என்ற ஊரில் நான்காம் வகுப்பு ஆசிரியையாக இருந்த மேபல் ஆடிஸ் அதை எழுதினார். ஐபிஎம் நிறுவனத்தின் வில்லியம் மெக்கே நிரலாக்கினார். 'சுமேரியன் கேம்' என்று அதற்குப் பெயர். விளையாடும் மாணவர் பண்டைய லகாஷ் நகரின் அரசராகிறார். அறுவடையில் எவ்வளவு மக்களுக்கு உணவு, எவ்வளவு விதைப்பு, எவ்வளவு சேமிப்பு என்று பருவந்தோறும் அவர் முடிவெடுக்க வேண்டும். அந்தக் கணக்கு சரியாகப் போய்க்கொண்டிருக்கும்போதே திடீரென்று தீயோ வெள்ளமோ வரும். எலியும் அழுகலும் களஞ்சியத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். ஆட்சி செய்வதைப் பொருளாகக் கொண்ட கணினி விளையாட்டு பிறக்கும்போதே பேரிடரோடுதான் பிறந்தது. ஆயினும், அறிவுத்திறனைச் சோதிக்க வந்த விளையாட்டில் எதிர்பாராத இயற்கைச் சீற்றத்துக்கு என்ன வேலை என்ற கேள்வி இன்றுவரை ஓயவில்லை. இந்த அறுபது ஆண்டு வரலாறு அதற்குத் தெளிவான விடை தருகிறது என்பது என் கருத்து. ஆட்டக்காரர் முன்பு எடுத்த முடிவைச் சோதிக்கும் பேரிடர் உத்தி விளையாட்டுக்குத் தேவை. எந்த முடிவோடும் தொடர்பில்லாமல் தலையில் விழும் பேரிடர் தேவையில்லை.

உத்தி விளையாட்டில் தற்செயலுக்கே இடமில்லை என்ற எதிர்த்தரப்பின் வாதம் வலுவானது, அதற்கு வயதும் அதிகம். பதினோராம் நூற்றாண்டில் இந்தியாவைப் பற்றி எழுதிய அல்பிரூனி, நால்வர் ஆடும் சதுரங்கத்தில் எந்தக் காயை நகர்த்துவது என்பதைப் பகடை முடிவு செய்ததாகக் குறிப்பிடுகிறார். பின்னாளில் உலகமெங்கும் நிலைத்ததோ பகடையில்லாத இருவர் சதுரங்கம். எல்லாக் காய்களும் இருவர் கண்முன்னும் இருக்கின்றன. தோற்றவர் தன்னைத் தவிர யாரையும் குறை சொல்ல முடியாது. அந்தத் தூய்மையை மதிக்கிறேன். ஆனால் சதுரங்கப் பலகை என்பது மழை பெய்யாத, சேறு படியாத போர்க்களம். அதையே போர்ப் பயிற்சியாக்க முயன்றவர்களுக்கு இந்தக் குறை விரைவில் புலப்பட்டது. ஜெர்மனியின் பிரன்ஸ்விக்கில் ஹெல்விக் 1780-இல் சதுரங்கத்தை விரித்து ஒரு போர் விளையாட்டை அமைத்தார். 1824-இல் பிரஷ்ய அதிகாரி இளைய ரைஸ்விட்ஸ் கட்டங்களைக் கைவிட்டு உண்மையான நிலப்படத்தின் மேல் படைகளை நிறுத்தினார். துப்பாக்கிச் சூட்டின் விளைவைப் பகடையைக் கொண்டு தீர்மானித்தார். பிரஷ்யப் படைத் தலைமையகத்தின் தலைவர் மூஃப்லிங் அதைப் பார்த்துவிட்டு, இது விளையாட்டே அல்ல, போர்ப்பயிற்சி என்று வியந்ததாகச் சொல்வார்கள். போரை நேரில் அறிந்த ஒருவருக்குப் பகடை அதில் இருந்தது குறையாகப் படவில்லை என்பது கவனிக்க வேண்டிய செய்தி.

தற்செயல் எப்படி அறிவைச் சோதிக்கிறது என்பதற்கு, ஆடிஸின் விளையாட்டிலிருந்து கிளைத்த 'ஹமுராபி'யைவிட எளிய சான்று கிடையாது. 1968-இல் டக் டைமென்ட் எழுதிய சிறு வடிவத்தை டேவிட் ஆல் 'பேசிக்' நிரல்மொழிக்கு மாற்றி 1973-இல் ஒரு நூலில் வெளியிட்டார். அதன் முதல் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். மக்கள் 100 பேர், நிலம் 1,000 ஏக்கர், கையிருப்பு 2,800 புஷல் தானியம். ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 20 புஷல் உணவு வேண்டும். ஏக்கருக்கு அரை புஷல் விதை வேண்டும். எல்லோருக்கும் சோறு போட்டு எல்லா நிலத்தையும் விதைத்தால் 2,500 புஷல் செலவாகி 300 மிஞ்சும். விளைச்சல் ஏக்கருக்கு 1 முதல் 5 புஷல் வரை எதுவாகவும் இருக்கலாம். ஐந்தாக வந்தால் கொண்டாட்டம். ஒன்றாக வந்தால் கையில் 1,300 புஷல்தான். விதைக்கு ஒரு மணி ஒதுக்காவிட்டாலும் 65 பேருக்கு மேல் சோறில்லை. அதே அரசர் விதைப்புக்கு முன்பே 50 ஏக்கரை ஏக்கர் 20 புஷல் விலைக்கு விற்றிருந்தால்? 950 ஏக்கர் மோசமாக விளைந்தாலும் 2,275 புஷல் இருக்கும். எலி தின்னாதவரை 100 பேரும் பிழைப்பார்கள், பாதிக்கு மேற்பட்ட நிலத்துக்கு விதையும் மிஞ்சும். விளைச்சலைத் தீர்மானித்தது பகடைதான். பஞ்சத்தில் மக்கள் சாவார்களா, பிழைப்பார்களா என்பதைத் தீர்மானித்தது முன்யோசனை. பகடையை எடுத்துவிட்டால் களஞ்சியத்தில் சேமிக்கக் காரணமே இருக்காது. சேமிப்பு என்ற ஒரு முழு அறமும் விளையாட்டிலிருந்து காணாமல் போய்விடும்.

அதே 'ஹமுராபி' தவறான வகைப் பேரிடருக்கும் சான்று. ஆண்டுதோறும் 15 விழுக்காடு வாய்ப்பில் கொள்ளைநோய் வந்து மக்களில் பாதிப் பேரைக் கொண்டுபோகும். அதைத் தடுக்கவோ குறைக்கவோ அரசரிடம் எந்த வழியும் இல்லை. ஓராண்டில் மக்களில் 45 விழுக்காட்டுக்கு மேல் பட்டினியால் இறந்தால் பதவி பறிபோகும். கொள்ளைநோயில் இறந்தவர்களுக்கோ யாரும் கணக்குக் கேட்பதில்லை. அந்தச் சாவில் அரசருக்குப் பங்கில்லை என்று விதியே ஒப்புக்கொள்கிறது. ஆட்டக்காரரும் அதிலிருந்து எதையும் கற்பதில்லை. சபித்துவிட்டு அடுத்த ஆண்டுக்குப் போகிறார். இந்தக் குறைக்கு மிக நல்ல மாற்றைத் தந்தவர் பிரிட்டனைச் சேர்ந்த பிரான்சிஸ் டிரெஷாம். 1980-இல் அவர் வெளியிட்ட 'சிவிலிசேஷன்' பலகை விளையாட்டில் வணிகச் சரக்கு அட்டைகளுக்கு நடுவே பேரிடர் அட்டைகள் கலந்திருக்கும். வெள்ளச் சமவெளியில் குடியேறியவரைத்தான் வெள்ளம் கடுமையாகத் தாக்கும். பொறியியலை வளர்த்தவருக்கு இழப்பு குறையும். மருத்துவம் கற்றவரிடம் தொற்றுநோயின் வேகம் தணியும். தொற்றுநோய் போன்ற சில அட்டைகளைப் பண்டமாற்றில் சரக்கோடு சரக்காக மறைத்து அடுத்தவர் தலையில் கட்டிவிடவும் செய்யலாம்! கப்பல்களும் வணிகர்களும் கொள்ளைநோயைத் துறைமுகம் துறைமுகமாகக் கொண்டுபோன வரலாற்றை ஒரே விதியில் அடக்கிய இந்த அமைப்பை எத்தனை பாராட்டினாலும் தகும். பேரிடர் இயற்கையிலிருந்து வருகிறது. அதை யார் சுமப்பது என்பதை மனிதர்கள் தீர்மானிக்கிறார்கள்.

கணினியில் இந்த வழியைத் தொடர்ந்தவர்கள் பலர். 1989-இல் வந்த 'சிம்சிட்டி'யில் பேரிடருக்கென்றே ஒரு மெனு உண்டு. 1906-இன் சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்துக்குப் பிந்திய நகரை மீட்டெடுக்கும் ஆட்டமும் அதில் இருந்தது. அந்த நகரில் உண்மையில் நடந்தது என்ன? நிலம் ஏறக்குறைய ஒரு நிமிடம் அதிர்ந்தது. ஆனால் பேரழிவின் பெரும்பகுதி அதைத் தொடர்ந்து நாட்கணக்கில் எரிந்த தீயால் நேர்ந்தது. குடிநீர்க் குழாய்கள் உடைந்துபோனதால் அணைக்கத் தண்ணீரில்லை. சுமார் 28,000 கட்டடங்கள் அழிந்தன. நான்கு லட்சம் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் வீடிழந்தனர். அதிர்வு எப்போது வரும் என்பது யாருக்கும் தெரியாது. மரவீடுகளை நெருக்கமாகக் கட்டியதும், தண்ணீருக்கு மாற்று வழி வைக்காததும் மனிதர் எடுத்த முடிவுகள். 1991-இல் சிட் மேயர் உருவாக்கிய 'சிவிலிசேஷன்' கணினி விளையாட்டிலும் இதே பாடம்தான்: களஞ்சியம் கட்டிய நகரைப் பஞ்சம் தொடாது, நீர்க்கால்வாய் அமைத்த நகரைக் கொள்ளைநோய் அணுகாது.

அந்த மேயரே பிற்காலத்தில் எதிர்வாதம் ஒன்றையும் முன்வைத்தார். தற்செயலாகத் தீமை நேரும்போது, கணினி வேண்டுமென்றே தன்னைக் குறிவைப்பதாகத்தான் ஆட்டக்காரர் நினைப்பார். ஆகவே தற்செயலை மிகக் கவனமாகக் கையாள வேண்டும் என்றார். உண்மைதான். அதற்கு ஒரு விடையை 1983-லேயே டான் பன்டன் குழுவினரின் 'மியூல்' என்ற கணினி விளையாட்டு தந்திருந்தது. அதில் தனியொருவருக்கு நேரும் கெட்ட நிகழ்வு கடைசி இடத்தில் இருப்பவருக்கு வராது. நல்ல நிகழ்வு முதலிடத்தில் இருப்பவருக்கு வராது. நால்வர் கூடி ஆடும் ஆட்டம் கடைசிவரை சுவையாக இருக்க இது உதவும். ஆனால் எனக்கு இதில் முழு உடன்பாடில்லை. நன்றாகத் தயாரானவரையும் தயாராகாதவரையும் இந்த விதி வேறுபடுத்துவதில்லை. யார் முந்தியிருக்கிறார் என்பதை மட்டுமே பார்க்கிறது. நியாயம் என்பது புயலை வீசாமல் இருப்பதில் இல்லை, புயலுக்கு முன் செய்தவற்றுக்குப் பலன் இருப்பதில் இருக்கிறது. உண்மையான புயலிலும் இதைக் காணலாம். 1944 டிசம்பர் 18-இல் பிலிப்பைன்ஸ் கடலில் அட்மிரல் ஹால்சி தலைமையிலான அமெரிக்கக் கடற்படைப் பிரிவு ஒரு சூறாவளிக்குள் சிக்கியது. மூன்று நாசகாரிக் கப்பல்கள் மூழ்கின. ஏறக்குறைய 790 பேர் மாண்டனர். மூழ்கிய கப்பல்களில் ஒன்றான 'ஸ்பென்ஸ்' எரிபொருள் தீர்ந்துபோகும் நிலையில் இருந்தது. காலித் தொட்டிகளில் கடல்நீரை நிரப்பி எடை கூட்டுவதில் அது தாமதித்துவிட்டது. அதே புயலில் அகப்பட்ட எத்தனையோ கப்பல்கள் கரை சேர்ந்தன. விசாரணை மன்றம் காற்றைக் குற்றம் சொல்லி முடித்துக்கொள்ளவில்லை; படையை அந்தப் பாதையில் செலுத்திய ஹால்சியின் முடிவைத் தவறு என்றது.

வெள்ளத்தையும் பஞ்சத்தையும் பொழுதுபோக்காக்கலாமா என்று மனம் வருந்திக் கேட்பவர்களும் உண்டு. பெருமழையில் வீடிழந்தவருக்கு அந்தக் கேள்வியைக் கேட்க முழு உரிமை உண்டு. ஆனால் அதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். நகரங்களையும் நாடுகளையும் ஆளக் கற்றுத்தரும் விளையாட்டில் ஆறு ஒருபோதும் கரை மீறாது என்றால், ஆற்றங்கரையில் கட்டுவதற்கு விலையே இல்லை என்ற பொய்யை அல்லவா இளையோர் பழகுவார்கள்? 2019-இல் 'சிவிலிசேஷன் 6' விளையாட்டுக்கு வந்த 'கேதரிங் ஸ்டார்ம்' இந்த உறவை நன்கு புரிந்துகொண்டது. ஆறு கரை மீறினால் கட்டடம் சேதமாகும், வண்டல் படிந்து நிலமும் வளமாகும். அணை கட்டினால் அந்தச் சேதத்தைத் தடுக்கலாம். கரியை எரிக்க எரிக்கப் பேரிடர்கள் பெருகும், கடல்மட்டம் உயரும். எங்கே நேரும் என்பதை ஊகிக்கலாம், எப்போது என்பதைச் சொல்ல முடியாது. எவ்வளவு இழப்பு என்பது ஆட்டக்காரர் கையில் இருக்கிறது. எந்தப் பேரிடரையும் இந்த மூன்று அளவுகோலால் எடைபோடலாம். பேரிடரின் தீவிரத்தை 0 முதல் 4 வரை வைத்துக்கொள்ளும் வசதியும் அதில் உண்டு. சதுரங்கத்தின் தூய்மையை விரும்புவோருக்காக அந்த வசதி இருக்கட்டும். ஆனால் நாட்டை ஆளும் விளையாட்டை வடிவமைப்பவர்கள், அதைத் திறந்தவுடன் வெள்ளமும் வறட்சியும் இயங்கும் நிலையில்தான் தர வேண்டும், வேண்டாதவர் அணைத்துக்கொள்ளட்டும்.