தேசவழமையும் வீட்டுச் சொற்களும்

‘வழக்கு’ என்னும் சொல் தமிழில் மக்களின் பேச்சையும் நீதிமன்றப் பிணக்கையும் ஒருங்கே குறிக்கும். இவ்விரண்டிற்குமுள்ள உறவினை யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டத்தின் வரலாறு நன்கு புலப்படுத்துகின்றது.

ஒல்லாந்தத் தேசாதிபதி யோன் சைமன்ஸின் பணிப்பின்படி, யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய கிளாஸ் இசாக்ஸ் என்பார் அப்பகுதி மக்களின் வழமைகளைத் திரட்டி 1707இல் ஒல்லாந்த மொழியில் எழுதியளித்தார். அது தமிழிற் பெயர்க்கப்பெற்று, முதலியார் பன்னிருவரின் உடன்பாட்டையும் பெற்றது. 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தின் மூலம் ஆங்கிலேயரும் அதனை ஏற்றுக்கொண்டனர்.

ஆட்சிமொழி மாறியபோதும் சொத்தின் வகைகளைச் சுட்டும் தமிழ்ச் சொற்கள் நிலைத்து நின்றமை நோக்கற்பாலது. கணவன் முன்னோர்வழிக் கொணர்வது முதுசொம். மனைவி கொணர்வது சீதனம். மணவாழ்விலே ஈட்டுவது தேடியதேட்டம். இச்சொற்கள் சொத்து எவருடையது என்பதினும் அது எவ்வழி வந்தது என்பதையே முதன்மையாக உணர்த்துவன. ஆதலின், பிறமொழியில் நடைபெற்ற மன்றங்களும் வந்த வழியையே முதற்கண் வினவ வேண்டியனவாயின. வீட்டுச் சொல் மன்றத்தின் விசாரணை முறையை வகுத்தது எனலாம்.

‘தேடியதேட்டம்’ என்பதில் தேடியவர் இன்னார் என்னும் குறிப்பு இல்லை. உழைத்தவனும் அதனைச் சிக்கனமாய்க் காத்தவளும் அதனுள் அடங்குவர். 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டம் இப்பொதுமையைப் பேணி, அத்தேட்டம் இருவர்க்கும் சமமாய் உரியது என விதித்தது. 1947ஆம் ஆண்டுத் திருத்தமோ அதனை ‘ஒரு துணைவரின் தேடியதேட்டம்’ என வரையறுத்தது. அதன்படி, ஒருவர் இறக்குங்கால் அவர் மரணசாதனத்தாலோ வேறு வகையாலோ கையளியாது விட்ட தேட்டத்தின் அரைப்பங்கே மற்றவரைச் சேரும்.

சொல் அவ்வாறே நிற்க, பொருள் பெயர்ந்தது. உறுதியிலே தன் பெயர் இல்லாத மனைவி, வீட்டில் ‘எங்கள் தேட்டம்’ என வழங்கிய காணியைக் கணவன் தன் வாழ்நாளிலேயே பிறர்க்கு எழுதிவிடின், அச்சொல் அவளுக்குத் துணைநில்லாது.

மக்களின் சொல்லை ஏற்கும் நிறுவனம் அச்சொல்லின் ஒலியை மட்டும் ஏற்பது போதாது. அது குடும்பத்தில் உணர்த்தும் உறவையும் ஏற்றல் வேண்டும். இன்றேல், நன்கறிந்த சொல்லே அறியாமைக்கு ஏதுவாகிவிடும். தேசவழமையின் வரலாறு நமக்கு உணர்த்தும் உண்மை இதுவேயாம்.