செயலி ஒன்று, அரசுகள் மூன்று: கரோல் பாக் தமிழர்களுக்குத் தடையாகும் 'இனிஷியல்'

புது டெல்லி: தலைநகரில் தமிழர்கள் நீண்ட காலமாக வசித்துவரும் பகுதிகளுள் ஒன்று கரோல் பாக். இங்குள்ள ஒரு குடும்பம் சான்றிதழ்களுக்காக மூன்று நிர்வாகங்களை அணுக வேண்டியுள்ளது. பிறப்புச் சான்றிதழை டெல்லி மாநகராட்சியும், வருமானச் சான்றிதழை டெல்லி அரசின் வருவாய்த் துறையும், ஆதார், பான், கடவுச்சீட்டு ஆகியவற்றை மத்திய அரசின் அமைப்புகளும் வழங்குகின்றன. அந்த மாநகராட்சியும் 2012 முதல் மூன்றாகப் பிரிந்திருந்து, 2022 மே 22 அன்றுதான் மீண்டும் ஒன்றானது.

இச்சேவைகளை ஓரிடத்தில் சேர்க்கும் நோக்கில் 2015 ஜூலை 1 அன்று டிஜிலாக்கரையும், 2017 நவம்பர் 23 அன்று உமங் செயலியையும் பிரதமர் நரேந்திர மோடி தொடங்கி வைத்தார். உமங் தமிழிலும் இயங்குகிறது.

இவற்றால் துறைகளின் தரவுத்தளங்கள் ஒன்றாகிவிடவில்லை என்பது பலரும் கவனிக்காத செய்தி. ஒவ்வொரு துறையின் பதிவும் அதன் கணினியிலேயே இருக்கும். பயனாளர் ஒப்புதல் அளித்ததும், ஏபிஐ எனப்படும் இணைப்பு நிரல் வழியே செயலி அத்துறையின் கணினியிடம் ஆவணத்தைக் கேட்டுப் பெறுகிறது. டிஜிலாக்கரில் இவ்வாறு பெறப்படும் ஆவணம் அசலுக்கு இணையானது என 2017-ஆம் ஆண்டின் விதித் திருத்தம் கூறுகிறது.

ஆவணத்தை அளிக்கும் முன் பெயரும் பிறந்த தேதியும் ஒப்பிடப்படுகின்றன. தமிழர்களுக்குச் சிக்கல் எழுவது இங்கேதான். பள்ளிச் சான்றிதழில் 'கி. செந்தில்', ஆதாரில் 'செந்தில் கி', பான் அட்டையில் 'செந்தில் கிருஷ்ணன்' என்றிருந்தால், அவை ஒரே மனிதருடையவை என்பதை அண்டை வீட்டார் அறிவர், கணினி அறியாது. பான் விண்ணப்பத்தில் முன்னெழுத்தை விரித்து எழுதுவது கட்டாயம். கடவுச்சீட்டுக்கும் அவ்வாறே. தந்தையின் பெயர் அங்குக் குடும்பப் பெயராகிவிடுவதன் காரணம் இதுவே.

ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரு முறை மட்டுமே மாற்ற முடியும் என்பதால், எந்த வடிவத்தை நிலையாக வைத்துக்கொள்வது என்பதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். அவசரத்தில் ஒரு வாய்ப்பை வீணாக்குவோர் பின்னர் அலைய நேரிடும்.

2023 அக்டோபர் 1 அன்றும் அதற்குப் பின்னரும் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, ஆதார் ஆகியவற்றில் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். பிறப்பை 21 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். குழந்தையின் பெயரை 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். கரோல் பாக்கில் பிறக்கும் குழந்தைக்கு, முன்னெழுத்தா முழுப் பெயரா என்ற முடிவு மாநகராட்சியின் அந்தப் பதிவிலேயே எடுக்கப்படுகிறது.