வீராணம் ஏரி: பெயர் வந்த வரலாறு

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' புதினம் ஓர் ஏரிக்கரையில் தொடங்குகிறது. ஆடிப்பெருக்கு நாளில் வந்தியத்தேவன் குதிரையில் வரும் அந்த ஏரியின் பெயர் வீரநாராயண ஏரி. கதையைப் படித்தவர்களிலும், 2022ஆம் ஆண்டில் வந்த திரைப்படத்தைப் பார்த்தவர்களிலும் பலர் அதைக் கற்பனை ஏரி என்றே எண்ணுகின்றனர். கதையில் வரும் நந்தினியும் ஆழ்வார்க்கடியானும் கற்பனைப் பாத்திரங்கள்தாம். ஏரி கற்பனையன்று. கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோயில், லால்பேட்டை ஊர்களை ஒட்டிக் கிடக்கும் வீராணம் ஏரியே அது. கல்கி புதுப்பெயர் எதையும் சூட்டவில்லை. தேய்ந்துபோன பெயரின் முழு வடிவத்தைத் திரும்ப எழுதினார்.

வீரநாராயணன் என்பது முதலாம் பராந்தக சோழனின் (907–955) சிறப்புப் பெயர். 'மதுரை கொண்ட கோப்பரகேசரி' என்று கல்வெட்டுகள் கூறும் மன்னன் இவனே. அவன் காலத்தில் வெட்டப்பட்ட ஏரிக்கு அவன் பெயர் அமைந்தது. வீரநாராயணன் ஏரி மக்கள் வாயில் வீரநாரணன் ஏரியாகி, பின் வீராணம் என்று சுருங்கியது. நாராயணன் நாரணன் ஆவது தமிழில் பழைய வழக்கு. அடுத்தடுத்து வரும் 'ர', 'நா', 'ர' ஆகிய ஒலிகள் பேச்சில் ஒன்றாகக் கரைந்தன. இலக்கணத்தில் இதை மரூஉ என்போம். சோழ நாடு சோணாடு ஆனதும், மலையமான் நாடு மலாடு ஆனதும் இப்படித்தான். மலாடு வேறெங்கோ இல்லை, இதே வட்டாரத்தின் திருக்கோவலூர்ப் பகுதிதான்.

திருவதிகைப் பக்கத்தில் வேறொரு குழப்பமும் உண்டு. எங்கள் ஊர்க் கோயில் அதிகை வீரட்டானம். எனவே வீராணம் என்பதும் வீரட்டானத்தின் திரிபாக இருக்கலாம் என்று சிலர் சொல்வதுண்டு. இரண்டுக்கும் தொடர்பில்லை. வீரட்டானம் என்பது சிவபெருமான் வீரச்செயல் புரிந்ததாகச் சொல்லப்படும் எட்டுத் தலங்களுக்குரிய பெயர். திருவதிகையில் அது திரிபுரம் எரித்த செயல். வீராணத்தில் இருப்பது மன்னனின் பெயர்.

ஏரி அங்கே ஏன் வந்தது? இராட்டிரகூடர் படையெடுப்பை எதிர்நோக்கிப் பராந்தகன் தன் மகன் இராசாதித்தனைத் திருமுனைப்பாடி நாட்டில் பெரும்படையுடன் நிறுத்தினான். திருவதிகை, திருநாவலூர் ஆகியவை அந்த நாட்டு ஊர்களே. திருநாவலூருக்கு அக்காலத்தில் இராசாதித்தபுரம் என்றே பெயர். போர் வரும்வரை படைவீரர்கள் சும்மா இருக்க வேண்டாம், கொள்ளிடத்து வெள்ளம் வீணே கடலுக்குப் போகவும் வேண்டாம் என்று எண்ணி இளவரசன் ஏரியை வெட்டுவித்தான் என்பது வழிவழியாக வரும் செய்தி. போர் 949இல் தக்கோலத்தில் நடந்தது. இராசாதித்தன் யானை மேலிருந்தபடியே உயிர்நீத்தான்; 'யானைமேல் துஞ்சிய தேவர்' என்று வரலாறு அவனைக் குறிக்கிறது. அவன் வெட்டியதாகச் சொல்லப்படும் ஏரியோ அவன் தந்தையின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அதே பெயர் ஏரிக்கரை ஊருக்கும் இருந்தது. காட்டுமன்னார்கோயிலின் பழைய பெயர் வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம். ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் சொத்தைப் பறிமுதல் செய்தது பற்றிய இராசராசன் காலத்து உடையார்குடிக் கல்வெட்டு இந்தப் பெயரைக் குறிப்பிடுகிறது. கல்கியின் கதைக்கு மையமான கொலையும், கதை தொடங்கும் ஏரியின் பெயரும் ஒரே கல்வெட்டோடு தொடர்புபடுவது மாணவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி. நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தைத் தொகுத்த நாதமுனிகள் பிறந்ததும் இந்த ஊரில்தான். ஊரின் பெயர் பின்னர் மாறிவிட்டது. கோயிலில் மட்டும் பெருமாள் இன்றும் வீரநாராயணப் பெருமாள்.

எல்லா ஏரிகளுக்கும் இந்தப் பேறு வாய்க்கவில்லை. பராந்தகனின் வழிவந்த முதலாம் இராசேந்திரன், கங்கைகொண்ட சோழபுரத்தில் வெட்டிய பேரேரிக்குச் சோழகங்கம் என்று பெயரிட்டான். இன்று அது பொன்னேரி. சோழகங்கம் என்றால் உள்ளூரிலேயே விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. பெரிய வெற்றியைச் சொல்ல வந்த பெயர் மறைந்து, சுருங்கிய பெயர் பிழைத்திருப்பதற்குப் பாசனமும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். வீராணத்து நீரை நம்பி உழவர்கள் தொடர்ந்து பயிர் செய்தார்கள். அதனால் பெயரும் நாள்தோறும் புழங்கியது.

இன்றும் கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு வழியாக ஏரிக்கு நீர் வருகிறது. கொள்ளளவு 1,465 மில்லியன் கனஅடி. 2004ஆம் ஆண்டு முதல் இந்த நீர் சென்னைக்கும் செல்கிறது. நெய்வேலியை அடுத்த வடக்குத்தில் தூய்மை செய்யப்பட்டு, குழாய்களில் 200 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்கிறது. சென்னையில் வீராணம் என்றால் பலருக்கு ஏரியைவிடக் குடிநீர்க் குழாய்தான் முதலில் நினைவுக்கு வருகிறது.