மெழுகு முகங்களும் மர முகங்களும்

இங்கிலாந்தில், மேற்கு சசெக்ஸின் குன்றொன்றின் மேல் அப்பார்க் என்ற பழைய மாளிகை இருக்கிறது. அதற்குள் இன்னொரு மாளிகை. மூன்று தளம், ஒன்பது அறை, உச்சியில் முக்கோண முகப்பு, அதில் குடும்பச் சின்னம். 1735க்கும் 1740க்கும் இடையில் செய்ததாகச் சொல்லப்படும் மரப் பொம்மை வீடு அது.

முன்சுவர் அறை அறையாகத் திறக்கும். ஒரு கதவைத் திறந்தால் சாப்பாட்டு மேசை. அதன் மேல் அசல் வெள்ளிச் சாமான்கள், கண்ணாடிக் கிண்ணங்கள். இன்னொன்றில் திரை தொங்கும் கட்டில். சுவர்ப் படங்கள் அந்த அளவுக்கென்றே எண்ணெய் வண்ணத்தில் தீட்டியவை. ஆட்களைப் பார்த்தால்தான் அந்தக் காலத்து இங்கிலாந்து முழுசாகத் தெரிகிறது. எஜமானக் குடும்பத்துப் பொம்மைகளுக்கு மெழுகில் வார்த்த முகம். வேலைக்காரப் பொம்மைகளுக்கு மரத்தில் செதுக்கிய முகம். யார் உட்காரலாம், யார் நிற்க வேண்டும் என்பதை ஒரு சொல்கூடப் பேசாமல் அந்த வீடு சொல்லிவிடுகிறது.

அதன் சொந்தக்காரி சாரா லெத்யூலியர், லண்டன் வணிகச் செல்வக் குடும்பத்துப் பெண். மாத்யூ ஃபெதர்ஸ்டன்ஹாவை மணந்து 1747ல் அப்பார்க்கில் குடியேறியபோது பொம்மை வீடும் கூடவே வந்தது. கல்யாணமாகிப் போகும் பெண் பொம்மையைக் கொண்டுபோவதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட வீடுகள் சின்னக் குழந்தைகளுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. செல்வத்தைக் காட்டவும், பெரிய வீட்டை நிர்வகிக்கப் பெண்களைப் பழக்கவும் செய்தவை. அதற்கு நூறு வருடம் முன்பே, 1631ல், ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் அன்னா கோஃபெர்லின் என்ற பெண்மணி ஒரு பெரிய பொம்மை வீட்டை ஊருக்குக் காட்சியாக வைத்தார். பிள்ளைகள் பார்த்து இல்லறக் கடமை கற்றுக்கொள்ளட்டும் என்பது அவர் நோக்கம். நம் வீடுகளில் சொப்பு வைத்து விளையாடும் பெண்ணிடம் சமையல் பழகுகிறாயா என்று பெரியவர்கள் கேட்பதும் இதே கணக்குத்தான். பிள்ளைக்கு வேறு கணக்கு உண்டு.

அப்பார்க் பொம்மை வீட்டை நாம் இன்று பார்க்க முடிவதே பெரிய பாக்கியம். 1989 ஆகஸ்ட் 30 அன்று, கூரை செப்பனிடும் வேலை நடந்துகொண்டிருந்தபோது மாளிகையில் தீப்பிடித்தது. மேல்தளங்கள் எரிந்து விழுந்தன. உள்ளிருந்த பொருட்களில் பெரும்பகுதியை வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். பொம்மை வீடும் பிழைத்தது. மாளிகையைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு வருடக்கணக்கில் உழைத்து அதைப் பழையபடி எழுப்பி 1995ல் மறுபடி திறந்தது.

ஆனால் இந்தப் பொம்மை வீட்டின் நெடும்பயணம் அதன் மரப்பலகைகளோடு முடியவில்லை. 1880ல் சாரா வெல்ஸ் என்ற அம்மாள் அப்பார்க்குக்கு வீட்டு மேற்பார்வையாளராக வந்தார். எழுத்தாளர் ஹெச்.ஜி. வெல்ஸின் தாய். அந்த மாளிகையை மனதில் வைத்தே வெல்ஸ் 1909ல் வெளிவந்த 'டோனோ-பங்கே' நாவலின் பிளேட்ஸோவர் மாளிகையைப் படைத்தார். கதை சொல்பவன் மேற்பார்வையாளரின் மகன். மேல்தட்டுச் சிறுமி ஒருத்தி அதிகாரம் செய்ய, மாளிகையின் பெரிய பொம்மை வீட்டோடு விளையாடுகிறான். பள்ளிக்குத் திரும்பியதும் தோழனோடு சேர்ந்து அதையே கதையாக வளர்த்துத் தீவில் ஒரு பொம்மை நகரமாக்கிவிடுகிறான். எனக்கு அந்த நாவலில் மிகப் பிடித்த இடம் இதுதான். கையில் ஒன்றுமில்லாத பையன், தன்னுடையதல்லாத வீட்டை மனதில் தூக்கிக்கொண்டு போய்த் தன் விருப்பப்படி கட்டிக்கொள்கிறான்.

இரண்டே வருடத்தில், 1911ல், வெல்ஸ் 'ஃப்ளோர் கேம்ஸ்' என்ற சிறு புத்தகம் எழுதினார். தன் இரு மகன்களோடு தரையில் உட்கார்ந்து மரக்கட்டைகளையும் பலகைகளையும் சின்னஞ்சிறு பொம்மைகளையும் வைத்துத் தீவுகளும் நகரங்களும் அமைத்த விளையாட்டுகளைப் பற்றியது. அங்கே மெழுகு முகம், மர முகம் என்ற பேதமில்லை. கட்டை எந்தச் சுவராகவும் ஆகும்.

அந்தப் புத்தகத்தைப் படித்து மனதில் வைத்திருந்தவர் மார்கரெட் லோவென்ஃபெல்ட் என்ற குழந்தை மருத்துவர். 1928ல் லண்டனில் அவர் தொடங்கிய சிகிச்சையகத்தில் சிறு சிறு விளையாட்டுப் பொருட்களைச் சேர்த்து வைத்தார். வாய்விட்டுச் சொல்ல முடியாததைக் குழந்தைகள் அவற்றை மணல் தட்டில் அடுக்கிக் காட்டினார்கள். அப்படி அடுக்கியதை 'உலகம்' என்று அவர்களே அழைத்தார்கள். முறைக்கும் அதுவே பெயராயிற்று.

இன்று விளையாட்டு வழிச் சிகிச்சை தரும் அறைகளில் பொம்மை வீடு பெரும்பாலும் இருக்கும். வெள்ளிச் சாமான் கிடையாது. முன்சுவரே இல்லாத, வர்ணம் அதிகம் பூசாத மர வீடுகள்தான் அதற்குத் தோதானவை என்பேன். கீழே விழுந்தால் எளிதில் உடையாது, பலகை பெயர்ந்தால் ஆணியடித்துச் சேர்க்கலாம், நான்கைந்து அறை போதும். யாரை எந்த அறையில் படுக்க வைப்பது, யாரை வீட்டுக்கு வெளியே நிறுத்துவது என்பதைக் குழந்தை முடிவு செய்கிறது. பக்கத்தில் இருக்கும் பெரியவர் திருத்துவதில்லை.