ஓவராயில்: சைக்கிள் செயின் பற்றி ஒரு சரித்திரக் குறிப்பு

நம் சரித்திர ஆசிரியர்களுக்குப் பொருட்கள் வந்து சேர்ந்த தேதிகள் மேல் ஒரு மோகம் உண்டு. முதல் ரயில், முதல் அச்சகம், முதல் பேசும்படம் என்று பட்டியல் போடுவார்கள். வந்த பொருள் அதற்கப்புறம் என்ன ஆயிற்று, யார் அதைத் துடைத்தார்கள், எதைக் கொண்டு துடைத்தார்கள், எத்தனை வருஷம் உழைத்தது என்பதெல்லாம் வீட்டு விஷயம், வேலைக்காரர் விஷயம் என்று விடப்பட்டுவிடும். சைக்கிளுக்கும் இதே கதிதான். முருகப்பா குடும்பமும் இங்கிலாந்தின் ட்யூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸும் கூட்டுச் சேர்ந்து 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியது, 1951இல் அம்பத்தூரிலிருந்து ஹெர்குலிஸ் வண்டிகள் வெளிவர ஆரம்பித்தது, அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் நகரத்து டயமண்ட் செயின் கம்பெனியின் ஒத்துழைப்போடு 1960இல் அம்பத்தூரிலேயே செயினுக்கென்று ஒரு தொழிற்சாலை ஏற்பட்டது எல்லாம் பதிவாகியிருக்கின்றன. அந்தச் செயின் வேப்பந்தட்டை மாதிரி ஓர் ஊருக்கு வந்து, அந்த ஊர் மண்ணில் ஓடித் தேய்ந்து, கடைசியில் பழைய இரும்புக்குப் போன கதை எங்கும் இல்லை.

அற்ப விஷயம் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் ஒரு சமூகம் இயந்திரத்தோடு கொண்ட உறவு அதை வாங்கியதில் தெரிவதில்லை. வாங்கப் பணமோ கடனோ போதும். வைத்துக்கொள்வதற்குத்தான் அறிவு வேண்டியிருக்கிறது.

சைக்கிள் கடைகளில் வழங்கும் ஒரு சொல்லிலிருந்து தொடங்கலாம். வண்டியை முழுக்கப் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, பால்ரஸ் மாற்றி, கிரீஸ் வைத்து மறுபடி பூட்டுவதற்கு ‘ஓவராயில்’ என்று பெயர். கடைப் பலகைகளிலும் அப்படியே எழுதியிருப்பார்கள். மூலச் சொல் ஓவர்ஹால். கப்பல்காரர்களின் சொல். கப்பியில் மாட்டிய கயிற்றை இழுத்துத் தளர்த்திப் பரிசோதிப்பதற்கு அவர்கள் வைத்த பெயர். அதில் ஆயில் என்பதற்கு இடமே இல்லை. நம்முடைய காது அதில் ஆயிலைக் கேட்டது. கெரசின் ஆயிலைக் ‘கிருஷ்ணாயில்’ ஆக்கிய அதே காதுதான். இதைச் சிரித்துவிட்டு விடுவதற்கில்லை. பிரிப்பது, கழுவுவது, பரிசோதிப்பது என்ற மூன்று காரியங்களைக் குறித்த சொல், நம்மிடம் வந்ததும் எண்ணெய் விடுவது என்ற ஒரே காரியமாகச் சுருங்கிப்போனது. சொல் சுருங்கினால் பழக்கமும் சுருங்கும். வண்டி கத்துகிறதா, செயினில் நாலு சொட்டு ஆயில் விடு. மறுபடி கத்துகிறதா, இன்னும் நாலு சொட்டு. மோட்டார் பட்டறையில் வடித்துவிட்ட கறுப்பு ஆயில் சும்மா கிடைக்கும். வருஷத்துக்கு ஒருமுறை ஆயுத பூஜைக்கு வண்டி குளிக்கும், சந்தனம் குங்குமம் வைத்துக்கொள்ளும். அன்றைக்கும் செயினில் பழைய அழுக்கின் மேல்தான் புது எண்ணெய்.

இந்தப் பழக்கம் வேப்பந்தட்டையில் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். பெரம்பலூரிலிருந்து ஆத்தூர் போகும் சாலையில், பச்சைமலைக்குக் கிழக்கே இருக்கும் ஊர். 1995 வரை திருச்சி ஜில்லா. சுற்றிலும் கரிசல் காடு. பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம். வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இந்த ஊரில் இருப்பது மண்ணின் குணத்தைச் சொல்லும். பெரம்பலூர் நகருக்கே ரயில் கிடையாது. பஸ் ஓடாத நேரத்திலும் பஸ் போகாத காட்டுப்பாதையிலும் மனிதரை நெடுங்காலம் சுமந்தது சைக்கிள். மழையில் ஈஷிக்கொள்ளும் கரிசல், கோடையில் மாவாகப் பறக்கும். ஜில்லாவில் கல்குவாரிகளும் உண்டு. கல்லுத்தூளும் காற்றில் இருக்கிறது. காய்ந்த தூசி காய்ந்த இரும்பின் மேல் நிற்காது, உதிர்ந்துவிடும். எண்ணெய்ப் பசை இருந்தால் ஒட்டிக்கொள்ளும். எண்ணெயும் கல்லுத்தூளும் சேர்ந்தால் கிடைப்பது சாணைக்கல்லின் வேலையைச் செய்யும் ஒரு களிம்பு. செயினுக்குள் அது போனபிறகு ஒவ்வொரு மிதியும் ஓர் உரசல். செயின் கத்தாது. சத்தமில்லாமல் தேயும். எண்ணெய் சத்தத்தை நிறுத்துகிறது, நாம் அதையே குணமானதாக எடுத்துக்கொள்கிறோம்.

‘செயின் இழுத்துப் போச்சு’ என்பது வழக்கு. உண்மையில் இரும்பு இழுபடுவதில்லை. இன்றைய சைக்கிள் செயினின் அமைப்பு 1880இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் வடிவமைத்தது. இரண்டு தகடு, அவற்றைக் கோக்கும் பின், பின்னின் மேல் ஒரு புஷ், அதன் மேல் உருளும் ஒரு ரோலர். பின்னும் புஷ்ஷும் உரசுமிடத்தில்தான் தேய்மானம். ஒரு பின்னில் தேய்வது கண்ணுக்குத் தெரியாத அளவு. ஒரு செயினில் நூற்றுச் சொச்சம் பின்கள். வட்டிக் கணக்கு மாதிரி, தனித்தனியே ஒன்றுமில்லாதது கூட்டினால் கைக்குத் தட்டுப்படுகிறது. பின்னுக்குப் பின் அரை அங்குலம் என்பது கணக்கு. ஆகவே இருபத்துநாலு கண்ணி சரியாகப் பன்னிரண்டு அங்குலம் இருக்க வேண்டும். பள்ளிக்கூட ஸ்கேல் போதும். பன்னிரண்டுக்கு மேல் வீசம் போனால் எச்சரிக்கை. அரைக்கால் அங்குலம் போய்விட்டால் செயின் முடிந்தது, பல்சக்கரத்தின் பற்களையும் அது ஏற்கெனவே சாப்பிட ஆரம்பித்திருக்கும். கொக்கி மாதிரி வளைந்த பல்லில் புதுச் செயினைப் போட்டால் அது ஏறிக் குதிக்கும். அப்புறம் செயின், ஃப்ரீவீல், பல்சக்கரம் மூன்றும் சேர்ந்து மாற்ற வேண்டும். கூலிக்குப் போகிறவருக்கு அது சில நாள் சம்பளம்.

1999இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஸ்பைசரும் அவர் சகாக்களும் செயின்களை இயந்திரத்தில் ஓடவிட்டு அளந்தார்கள். மிதிக்கும் சக்தியில் 98.6 சதம் வரை சக்கரத்துக்குப் போய்ச் சேருகிறது என்று கண்டார்கள். சுத்தமான கூடத்துக்குள் எண்ணெய் இருப்பதாலோ இல்லாததாலோ பெரிய வித்தியாசம் தெரியவில்லை. செயினின் விறைப்பும் பல்சக்கரத்தின் அளவும்தான் வித்தியாசம் காட்டின. அப்படியானால் மசகுக்கு என்ன வேலை? சந்துகளில் முன்கூட்டியே குடியேறி அழுக்குக்கு இடம் கொடுக்காமல் இருப்பதே அதன் பெரிய வேலை என்று ஆகிறது. அந்த வேலைக்குத் தூசியைக் கூப்பிடும் எண்ணெயைவிடத் தூசியை அண்டவிடாத ஒன்று உசிதம்.

மெழுகு அப்படிப்பட்டது. மரத்தாரிலிருந்து பாரஃபினை 1830இல் பிரித்தெடுத்தவர் ஜெர்மானிய ரசாயனி ரைஷன்பாஹ். லத்தீனில் அவர் வைத்த பெயருக்கு ‘ஒட்டுறவு குறைந்தது’ என்று பொருள். எதனோடும் எளிதில் சேராத குணத்தைக் கண்டு வைத்த பெயர். பிற்பாடு கச்சா எண்ணெயிலிருந்தே அது ஏராளமாகக் கிடைத்தது. கழுவுகிற மண்ணெண்ணெயும் கழுவியபின் பூசுகிற மெழுகும் ஒரே பீப்பாயின் பிள்ளைகள். பிரிட்டிஷ்காரர் மண்ணெண்ணெயைப் பாரஃபின் என்கிறார், அமெரிக்கர் மெழுகைப் பாரஃபின் என்கிறார்.

சைக்கிளின் ஆரம்ப நாட்களிலேயே இந்தப் பிரச்னை தெரிந்திருந்தது. 1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லியின் ரோவர் வண்டி பின்சக்கரத்தைச் செயினால் ஓட்டும் முறையைப் பிரபலமாக்கியது. அதற்கடுத்த பத்து வருஷத்தில் செயினைக் கழற்றிக் கழுவி, உருக்கிய கொழுப்பில் கிராஃபைட் தூள் கலந்து ஊறப்போடும் வழக்கம் அங்கே வந்துவிட்டது. இன்னொரு வழி, செயினை முழுக்க மூடிய பெட்டிக்குள் எண்ணெயில் ஓடவிடுவது. வோல்வர்ஹாம்ப்டன் சன்பீம் வண்டிகள் இதற்குப் பெயர் போனவை. நமக்கு வந்து சேர்ந்தது பெட்டி மட்டும்தான். வேட்டியும் சேலையும் மாட்டாமலிருக்க ஒரு தகரக் கவர். அதற்குள் எண்ணெயும் இல்லை, புழுதிக்குத் தடையும் இல்லை. ஒரு யோசனையின் தகரம் வந்தது, யோசனை வரவில்லை.

நம்மிடம் சொந்தமாக ஒன்றுமே இருக்கவில்லை என்று சொல்வதும் சரியாகாது. மாட்டு வண்டிக்காரர் வைக்கோல் கரியைக் கொட்டைமுத்து எண்ணெயில் குழைத்து வண்டி மை செய்துகொண்டார். வண்டிக்கு அடியில் மூங்கில் குழாயில் அது தொங்கும். கரியையும் கொழுப்பையும் சேர்ப்பது என்ற அளவில் வெள்ளைக்காரர் கிராஃபைட்டைக் கொண்டு செய்ததும் இதுவேதான். சுவாமிமலை ஸ்தபதிகள் தேன்மெழுகில் குங்கிலியம் சேர்த்து இறுக்கவும் இளக்கவும் அறிந்தவர்கள். மொழியையே பாருங்கள். தரையைச் சாணியால் பூசுவதும் மெழுகுதல், தேனடையில் கிடைப்பதும் மெழுகு. பூசிக் காப்பது என்ற எண்ணம் சொல்லிலேயே கிடக்கிறது. அச்சுக்கும் விக்கிரகத்துக்கும் தரைக்கும் இருந்த அறிவு சைக்கிளுக்குப் போய்ச் சேரவில்லை. ஏன்?

காரணம் கடையின் பொருளாதாரத்தில் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. செய்முறையைச் சொன்னால் இது விளங்கும். செயின்லாக்கை நெம்பிச் செயினைக் கழற்ற வேண்டும். வாயகன்ற போத்தலில் மண்ணெண்ணெய் விட்டு, செயினைப் போட்டுக் குலுக்கி, கறுப்புத் தண்ணீராக வருவதை மாற்றி மாற்றித் தெளியும் வரை கழுவ வேண்டும். புதுச் செயினானாலும் கம்பெனி கிரீஸ் போகக் கழுவத்தான் வேண்டும். பசை மிஞ்சினால் மெழுகு பிடிக்காது. துடைத்து, ஈரம் போக நன்றாக உலரவிட வேண்டும். பழைய டப்பாவில் மெழுகைப் போட்டு, டப்பாவைத் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துக் காய்ச்ச வேண்டும். நேரே நெருப்பில் வைத்தால் மெழுகு பற்றிக்கொள்ளும். தண்ணீருக்குள் இருந்தால் சூடு நூறு டிகிரியைத் தாண்டாது, மெழுகு உருக அறுபது சொச்சமே போதும். செயின் முழுகியதும் கண்ணிகளிலிருந்து காற்றுக் குமிழிகள் வரும். குமிழி நிற்கும்வரை பொறுக்க வேண்டும். உள்ளே மெழுகு போய்ச் சேர்ந்ததற்கு அதுவே அடையாளம். எடுத்துக் கம்பியில் தொங்கவிட்டு ஆறியதும் குச்சி மாதிரி விறைத்திருக்கும். கண்ணி கண்ணியாக மடக்கிப் பழக்கி மாட்ட வேண்டும். லாக்கின் மூடிய முனை ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். மழையில் நனைந்தால் மெழுகு துருவைத் தடுக்காது. துடைத்துக் காயவைத்து மறுபடி முக்க வேண்டும். இது அதன் குறை.

ஒரு சாயங்காலம் போய்விடும். இந்தச் சாயங்காலத்துக்குக் கூலி கொடுக்க எவரும் தயாரில்லை. வாடிக்கையாளர் வாசலில் நிற்கிறார், கடைக்காரர் ஆயில் கேனை எடுக்கிறார். அவர் கைத்திறனில் குறையில்லை. ரிம்மின் கோட்டத்தைக் கண்ணால் பார்த்தே எடுக்கிறவர் அவர். ஆனால் விற்க முடிந்த அறிவைத்தான் கடை வைத்துக்கொள்ளும். மெழுகிடுவது விற்க முடியாத அறிவு. வீட்டில், அடுப்படியில், தன் வண்டிக்குத் தானே செய்துகொள்ளத்தான் முடியும். ஐரோப்பாவில் பந்தயக்காரர்கள் இன்று மெழுகுக்குத் திரும்பியிருக்கிறார்கள் என்றால், அங்கே வாராந்திர ஓய்வும் பணமும் இருக்கின்றன.

அடுப்படி என்றதும் விஷயம் வேறு பக்கம் போகிறது. 1991-92இல் பக்கத்துப் புதுக்கோட்டை ஜில்லாவில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறினார்கள். சாய்நாத் 1996இல் வெளிவந்த தம் புத்தகத்தில் அதை எழுதியிருக்கிறார். 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று ஆரம்பித்த அரசின் இலவச சைக்கிள் திட்டம் 2005-06இல் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேல்நிலை வகுப்பு மாணவர் எல்லோருக்கும் என்று விரிந்தது. சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் மேல்சாதித் தெருவைக் கடக்க வேண்டும் என்று தலித்துகளை வைத்திருந்த ஊர்கள் நிறைந்த தேசத்தில் இவை சாமான்யமான காரியங்கள் அல்ல. நான் மறுக்கவில்லை. ஆனால் இங்கேயும் நாம் கொண்டாடுவது வந்து சேர்ந்த தேதியைத்தான். வண்டி கொடுக்கப்பட்டது, ஓட்டக் கற்றாயிற்று. செயின் கழன்று விழும்போது அந்தப் பெண் இன்னமும் ஆண்கள் உட்கார்ந்திருக்கும் கடை வாசலில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. வீட்டில் அடுப்பு இருக்கிறது, பழைய டப்பா இருக்கிறது, வீணாகிற மெழுகுவர்த்தி இருக்கிறது, அவள் கையில் ஸ்கேலும் இருக்கிறது. இல்லாதது, இது தன்னுடைய வேலை என்று அவளிடம் யாரும் சொல்லியிராததுதான்.

டி சிகாவின் ‘பைசிக்கிள் தீவ்ஸ்’ 1948இல் வந்த படம். நம் வட்டத்தில் அதைப் பற்றிப் பேசாதவர் இல்லை. அதில் சைக்கிள் களவு போகிறது. களவு ஒரு சம்பவம், அதற்குக் கதை கிடைக்கும். தேய்மானத்துக்குச் சம்பவம் இல்லை, ஆகவே கதையும் இல்லை. நம் நாவல்களில் சைக்கிளில் போகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், செயினைக் கழுவுகிறவரைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஆனால் களவு கொடுத்தவர்களைவிடத் தேயக் கொடுத்தவர்களே இங்கே அதிகம். இந்தச் சரித்திரத்துக்கு ஆவணம் வேண்டுமானால் ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டாம். வேப்பந்தட்டைச் சந்தையில் பழைய இரும்புக் குவியலிலிருந்து ஒரு செயினை எடுத்து இருபத்துநாலு கண்ணி அளந்தால் போதும். பன்னிரண்டுக்கு மேல் நீளும் அரைக்கால் அங்குலம்தான் அந்த ஆவணம்.