திருமலையிலிருந்து வந்த கல்

திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலில், பெருமாளை மூன்று வாசல்கள் வழியே பார்க்க வேண்டும். முதல் வாசலில் திருமுகம், நடு வாசலில் நாபிக் கமலம், மூன்றாவதில் திருவடி. அந்த வாசல்களுக்கு முன்னே பக்தர்கள் நிற்கும் மேடைக்கு ஒற்றைக்கல் மண்டபம் என்று பெயர். 20 அடி நீளம், 20 அடி அகலம், இரண்டரை அடி கனம். எங்கும் ஒட்டுப்போடாத ஒரே கருங்கல். நாலு மைல் தொலைவிலுள்ள திருமலைப் பாறையிலிருந்து வெட்டி, 1730களின் தொடக்கத்தில் இங்கே கொண்டுவந்தார்கள். கருங்கல்லின் எடையை வைத்துக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 75 டன் வரும்.

அந்தக் கல் நகர்ந்த காலத்தில் அதைக் கொண்டுவரச் சொன்ன அரசர் நிம்மதியாக இருந்தவர் அல்லர். மார்த்தாண்ட வர்மர் 1729-ல் பட்டத்துக்கு வந்தபோது, பின்னாளில் திருவிதாங்கூராக வளர்ந்த வேணாடு சிறிய நாடு. வடக்கே கொல்லமும் காயங்குளமும் தனி அரசுகள். கடலோரத்தில் மிளகுக்காகக் காத்திருந்தன டச்சுக்காரர்களின் கப்பல்கள். உள்ளுக்குள்ளேயோ, எட்டுவீட்டில் பிள்ளைமார் என்னும் நிலப்பிரபுக்கள் அரசரின் சொல்லை மதிக்கவில்லை.

கணினியில் நாகரிகங்களை வளர்க்கும் வியூக விளையாட்டுகளை ஆடியவர்களுக்கு இந்த நெருக்கடி பழக்கமானது. 1991-ல் வெளிவந்த சிட் மையரின் ‘சிவிலைசேஷன்’ தொடங்கி, அந்த வகை விளையாட்டுகளில் ஆரம்பக் கட்டத்திலேயே ஒரு கேள்வி வந்து நிற்கும்: கையிலிருக்கும் கொஞ்ச உழைப்பைக் கொண்டு பிரமிடு கட்டுவதா, பெரிய நூலகம் கட்டுவதா, இல்லை வீரர்களைத் திரட்டுவதா? அதிசயத்தைத் தேர்ந்தெடுத்தால் எல்லை காவலில்லாமல் கிடக்கும். படையைத் தேர்ந்தெடுத்தால் அதிசயத்தை வேறொருவர் முந்திக் கட்டிவிடுவார்.

மார்த்தாண்ட வர்மர் கோயிலைத் தேர்ந்தெடுத்தார். பக்தி மட்டும் அதற்குக் காரணம் அல்ல. 1686-ல் பெருந்தீ கோயிலை அழித்திருந்தது. கோயிலின் நிலமும் நெல்லும் எட்டரை யோகம் என்ற சபையின் பிடியில் இருந்தன. அந்தச் சபையில் அரசருக்கு அரை வாக்குதான் என்பது மரபு. பிள்ளைமாரின் செல்வாக்கும் கோயிலைச் சுற்றியே வளர்ந்திருந்தது. ஆகவே கோயிலை யார் எழுப்புகிறார்களோ அவர்கள் கைக்கே நாடும் போகும் நிலை. பிள்ளைமாரை அவர் ஈவிரக்கமின்றி ஒடுக்கினார். அதே ஆண்டுகளில்தான் கோயில் வேலையும் மும்முரமாக நடந்தது.

வேலையின் அளவு இன்றும் மலைக்க வைக்கிறது. நேபாளத்தின் கண்டகி நதியிலிருந்து 12,008 சாளக்கிராமங்கள் வந்தன. அவற்றைக் கடுசர்க்கரைச் சாந்தில் பதித்து, 18 அடி நீளமுள்ள அனந்தசயனத் திருமேனியை அமைத்தார்கள். கருவறையைச் சுற்றிவரும் ஸ்ரீபலிப் பிரகாரத்துக்கு வரிசை வரிசையாகச் செதுக்கிய கருங்கல் தூண்கள் நின்றன. அந்தப் பிரகாரத்துக்காக 4,000 கல்தச்சர்களும் 6,000 கூலியாட்களும் 100 யானைகளும் ஆறு மாதம் உழைத்ததாகத் திருவிதாங்கூர் மரபு சொல்கிறது. கிழக்கு வாசலில் எழும் ஏழு நிலைக் கோபுரம் பாண்டிநாட்டுப் பாணி. மலைநாட்டின் சரிந்த ஓட்டுக் கூரைகளுக்கு நடுவே அது நெல்லைச் சீமையை நினைவூட்டியபடி நிற்கிறது. அதன் வேலை முற்றுப்பெற்றது அடுத்த அரசர் தர்மராஜாவின் காலத்தில்.

கோயிலுக்குச் செலவழித்தவர் படையைக் கைவிட்டுவிடவில்லை. 1741 ஆகஸ்ட் 10 அன்று குளச்சலில் டச்சுப் படை தோற்றது. சிறைப்பட்ட டி லனாய் என்ற தளபதி அரசரின் பணியில் சேர்ந்து, படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி கொடுத்தார். உதயகிரிக் கோட்டை வலுப்பட்டது. டி லனாயின் கல்லறையும் அந்தக் கோட்டைக்குள்தான் இருக்கிறது. அதில் லத்தீனோடு தமிழிலும் எழுத்துப் பொறித்திருக்கிறார்கள். இத்தனைக்கும் பணம் தந்தது மிளகு. மிளகு வணிகத்தை அரசே எடுத்துக்கொண்டது. கணக்கையும் நிர்வாகத்தையும் கட்டிக்காத்த தளவாய் ராமய்யன், திருநெல்வேலிச் சீமை ஏர்வாடிக்காரர்.

காயங்குளம், அம்பலப்புழை, தெக்கும்கூர் என்று நாடுகள் ஒவ்வொன்றாக வீழ்ந்தன. வாளால் பிடித்த மண்ணை எந்த உரிமையில் ஆள்வது? 1750 ஜனவரி 3 அன்று கிடைத்த விடை திருப்படிதானம். அரசர் தம் உடைவாளைப் பெருமாளின் சந்நிதியில் வைத்து, நாடு முழுவதையும் அவருக்கே எழுதிக் கொடுத்தார். அன்று முதல் அரசர்கள் பத்மநாப தாசர்கள். அரசை எதிர்ப்பவர் இனி ஒரு மனிதனை எதிர்ப்பவர் அல்லர், தெய்வத்தையே எதிர்ப்பவர் என்றாகிவிட்டது. ஒற்றைக்கல் மண்டபத்தில் விழுந்து வணங்கும் உரிமை அரசருக்கு மட்டும் உண்டு என்ற வழக்கமும் இந்த எண்ணத்தோடு பிணைந்தது. அந்தக் கல்லைத் தொடுவது எல்லாம் பெருமாளுக்குச் சொந்தம் என்பார்கள்.

இந்த வெற்றியின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். திருவிதாங்கூரில் ஊழியம் என்ற பெயரில் கூலியில்லாத கட்டாய வேலை நெடுங்காலம் நீடித்தது. அவர்ணர் என்று ஒதுக்கப்பட்ட சாதிகளில் பிறந்தவர்கள் கோயில் வாசலையே நெருங்க முடியவில்லை. 1936 நவம்பர் 12 அன்று அரசர் சித்திரைத் திருநாள் ஆலயப் பிரவேச அறிவிப்பு வெளியிட்ட பிறகுதான் கதவு திறந்தது. திருமலைக் கல் வந்து ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் கழிந்திருந்தன.

தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியது 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில். அதற்குப் பின் வந்த அரசர் சுவாதித் திருநாளை உலகம் கீர்த்தனைகளால் அறிகிறது. ஆனால் அவர் கட்டத் தேர்ந்தெடுத்த அதிசயம் ஒரு வானாய்வுக்கூடம். ஆலப்புழையில் வணிக முகவராக இருந்த ஜான் கால்டிகாட்டுக்கு வானியலில் தீராத ஆர்வம். அவருடைய யோசனையை அரசர் ஏற்றார். நகரத்துக் குன்றொன்றின் மேல் 1837-ல் கூடம் எழுந்தது. கருவிகள் வாங்க கால்டிகாட் ஐரோப்பாவுக்குச் சென்றுவந்தார்.

இருபத்துநாலு வயது அரசர் ஒருவர் தொலைநோக்கிக்குப் பணம் ஒதுக்கியது ஆடம்பரமாகத் தோன்றலாம். ஆனால் இந்த ஊருக்கு வேறெந்தத் தலைநகருக்கும் எளிதில் கிடைக்காத ஒன்று இருந்தது. பூமியின் காந்த நடுக்கோடு இதன் அருகே செல்கிறது. அந்தக் கோட்டில் காந்த ஊசி எந்தப் பக்கமும் தாழாமல் கிடையாக நிற்கும். காந்தப் புலத்தின் ஏற்ற இறக்கங்களை உலகின் பல மூலைகளில் ஒரே சமயத்தில் அளக்க அறிஞர்கள் முனைந்திருந்த காலம் அது. திருவனந்தபுரத்தின் அளவீடுகளுக்கு அதனால் தனி மதிப்பு.

கால்டிகாட் 1849-ல் இறந்தார். 1852-ல் பொறுப்பேற்ற ஜான் ஆலன் பிரவுன் இன்னும் ஒரு படி மேலே போனார். தமிழ் மரபில் அகத்தியர் வீற்றிருக்கும் அகத்தியர் மலையின் உச்சியில், 6,000 அடிக்கும் மேலே, 1855-ல் கிளைக் கூடம் ஒன்றை அமைத்தார். யானைகள் திரியும் காட்டின் வழியே கருவிகளைச் சுமந்து ஏறியவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியாது. கீழேயும் மேலேயும் ஒரே நேரத்தில் எடுத்த அளவுகளை ஒப்பிடுவதே நோக்கம். நகரத்தின் அருங்காட்சியகத்துக்கும் பூங்காவுக்கும் வித்திட்டவரும் பிரவுன்தான்.

திருவிதாங்கூரின் தென்பகுதியான நாஞ்சில் நாட்டு விவசாயியின் கண்ணில், முதலில் கோயில், பிறகு வானாய்வுக்கூடம் என்ற இந்த வரிசை வேறு விதமாகத் தெரிந்திருக்கும். அரசின் நெற்களஞ்சியம் அவருடைய வயல்கள். கோதையாற்று நீரை அங்கே பெருமளவில் சேமிக்கும் பேச்சிப்பாறை அணை 1906-ல்தான் முடிந்தது. ஆய்வுக்கூடம் வந்து 69 ஆண்டுகளுக்குப் பிறகு.

காந்த நடுக்கோடு மட்டும் காத்திருந்தது. 1960களின் தொடக்கத்தில் விக்ரம் சாராபாய் ராக்கெட் ஏவ இடம் தேடியபோது, நகருக்கு வடக்கே தும்பா என்ற மீனவர் கிராமத்தைத் தேர்ந்தெடுத்தார். காந்த நடுக்கோட்டின் மேலே, ஏறக்குறைய 100 கிலோமீட்டர் உயரத்தில் ஓடும் மின்னோட்டத்தை ஆராய அதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது. ஊர் மக்கள் வீடுகளைக் கொடுத்தார்கள். ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரைரா மகதலேனா மரியாள் தேவாலயத்தைக் கொடுத்தார். 1963 நவம்பர் 21 மாலை, அமெரிக்காவிலிருந்து வந்த நைக்-அப்பாச்சி ராக்கெட் அங்கிருந்து எழுந்தது. அது விட்டுச் சென்ற சோடியம் ஆவி, பொழுது சாய்ந்த வானத்தில் செம்மஞ்சள் கோடாகப் படர்ந்தது. திருவனந்தபுரத்துக்காரர்கள் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள்.